செல்வியின் கையில் என் வளையல்

1

போன வாரம் என் தங்கை குடியாத்தத்திலிருந்து போன் செய்தாள். நான் சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டுமாம்.

“உனக்குத்தான் அது நல்லா கேக்குதேக்கா. நானும் அதையே வாங்கிப் போட்டுக்கிறேன். டாக்டராண்ட போனா அரை நாள் பூடுது.”

“உன் உடம்புக்கு இன்னான்னு உன் டாக்டரு பாத்துச் சொல்லட்டும்டி. நான் சொல்ல மாட்டேன்.”

“ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? ஒரு மாத்திரைப் பேரு சொல்றதுக்கு இவ்ளோ கிராக்கியா உனக்கு?”

கோபத்தோடு வைத்துவிட்டாள். எனக்குப் போனில் விளக்கிச் சொல்ல வராது. நேரிலும் வராது. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் இன்றைக்கும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வரை படித்தவள். எழுதுவது மெதுவாக வரும், ஆனால் வரும். அதனால் எழுதுகிறேன். ஊரில் அவளைப் போல நினைக்கிறவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

2

இப்போது நான் போர்ட் பிளேரில் மகன் வீட்டில் இருக்கிறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதால் காலையில் அபர்டீன் பஜார் வரை இறங்கிப் போய், கீரை வாங்கிக்கொண்டு, நின்று நின்று மேடேறி வருவேன். பேத்திகள் ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டு என்னிடம் வந்து தமிழில் நியாயம் கேட்பார்கள். பாதிதான் எனக்குப் புரியும். யார் அழுகிறாளோ அவள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

சுனாமி வந்து வீட்டைக் கொண்டுபோகும் வரை நாங்கள் இதற்கும் தெற்கே, கடைசித் தீவில், கேம்பல் பேயில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சிப்பாய். எழுபதுகளின் தொடக்கத்தில், பென்ஷன் வாங்கி வந்த பட்டாளத்துக்காரர்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். எங்களுக்குப் பதினோரு ஏக்கர் கிடைத்தது. ஏக்கர் என்று பேர், பார்த்தால் காடு. மெட்ராஸில் ஏறி, போர்ட் பிளேரில் வேறு கப்பல் மாறி, எத்தனை நாள் வாந்தி எடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. இறங்கினதும் தகரக் கூரை போட்ட ஓர் அறை கொடுத்தார்கள். வருஷத்தில் முக்கால்வாசி மழை. கூரையில் மழை விழுந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு நாலாம் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் பஞ்சாபிகள், இன்னொரு பக்கம் மராட்டிக்காரர்கள். எல்லாருக்கும் பொதுவாக ஹிந்தி. வந்த மூன்றாவது மாதமே என் மகள் செல்வி ஹிந்தியில் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. கடைக்குப் போனாலும் ரேஷனுக்குப் போனாலும் அவள்தான் எனக்கு வாய். “மா, நீ சும்மா நில்லு, மை போல்தி” என்று பாதித் தமிழிலும் பாதி ஹிந்தியிலும் என்னை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்ப் பேசுவாள். பெருமையாகவும் இருக்கும், என் கையை விட்டுப் போகிறாளே என்று கொஞ்சம் கலக்கமாகவும் இருக்கும்.

3

அந்தத் தீவில் புலியில்லை, யானையில்லை. எங்களைப் பயமுறுத்தியது கொசுதான். மலேரியா எந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

அதைத் தடுக்க ஒரு பாபு வருவார். போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஹிந்திதான் பேசுவார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரப்பர் பூட்ஸும் குடையும் தகரப் பெட்டியுமாக வீடு வீடாக வந்து நிற்பார். சுவரில் வெள்ளை மருந்து அடித்திருக்கிறதா என்று பார்ப்பார். இந்தப் பதினைந்து நாளில் யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று கேட்பார். வந்தவர் விரலில் ஊசியால் குத்தி, ஒரு கண்ணாடித் துண்டில் ரெண்டு சொட்டு ரத்தம் எடுத்து, பேர் எழுதிக்கொண்டு போவார். அது ஆஸ்பத்திரிக்குப் போகும். பூதக்கண்ணாடியில் பார்த்து, கிருமி இருந்தால் மாத்திரையோடு திரும்பி வருவார்.

ஊரில் நான் சின்னவளாக இருந்தபோது அம்மை குத்துகிறவர் வந்தால் என் அம்மா என்னைக் கேழ்வரகுக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவாள். “பொண்ணு மாமன் ஊட்டுக்குப் பூட்டா” என்று அவரிடம் சொல்வாள். நான் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நோய் வருவதற்கு முன்பே மருந்தோடு வருகிறவரைத் திருடனைப் போலப் பார்த்த வீடு அது. நான் தீவுக்குக் கொண்டு வந்த சாமான்களோடு அந்தப் பயமும் வந்துவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதை விட்டால் மற்றது புரியாது. செல்விக்குப் பிறகு எனக்கு ரெண்டு முறை நின்று, ரெண்டும் நாலு மாதத்துக்குள் கலைந்துபோயின. முந்தியே ஊரெல்லாம் சொன்னதால் கண் பட்டுவிட்டது என்று என் மாமியார் சொன்னார். தீவுக்கு வந்து மறுபடியும் நாள் தள்ளியபோது, ஐந்து மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

4

ஒரு நாள் ராத்திரி உடம்பு காந்தியது. காலையில் சரியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர் ஆயிற்றே, எதையும் ரிப்போர்ட் செய்யாமல் இருக்க மாட்டார். நிலத்துக்குப் போகிற வழியில் பாபுவைப் பார்த்து, என் வீட்டில் அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாபு வந்து வாசலில் நின்றார். நான் உள்ளே சாக்குப் படுதாவுக்குப் பின்னால். அவர் சொல்வதைச் செல்வி சொன்னாள்.

“மா, கையக் காட்டணுமாம்.”

“வேணான்னு சொல்லுடி.”

“அப்பா எழுதச் சொல்லிட்டாராம். ரத்தம் எடுக்காம போனா, பெரிய பாபு அவரத் திட்டுவாராம்.”

ரத்தத்தைப் பார்த்தால் உடம்பில் உள்ளதெல்லாம் தெரிந்துவிடும் என்று நான் நம்பினேன். வயிற்றில் இருப்பதும் தெரிந்துவிடும். அந்நிய ஆண் விரலைப் பிடிப்பான் என்ற கூச்சம் அதற்கும் மேலே. என்ன செய்தேன் தெரியுமா? என் கையில் இருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றிச் செல்வியின் கையில் போட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கையைப் படுதாவின் இடுக்கு வழியாக வெளியே நீட்டினேன். நான் அப்போது ஒல்லிக்குச்சி, அவள் வயதுக்கு மீறி வளர்ந்தவள். உள்ளே வெளிச்சமும் கிடையாது.

பாபு மரியாதை தெரிந்தவர். பெண்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். பக்கத்து வீட்டுத் தூணைப் பார்த்துக்கொண்டே விரல் நுனியைப் பிடித்துக் குத்தினார்.

“பச்சி கஹா(ங்) கயி?” என்றார். பெண் எங்கே போனாள் என்று.

“மை இதர் ஹூ(ங்), அம்மா கே பாஸ்,” என்றாள் செல்வி. இங்கேதான், அம்மா பக்கத்தில் என்று. என் பக்கத்தில் நின்றுகொண்டு, கை வெளியே இருக்கச் சொன்னாள்.

கண்ணாடித் துண்டில் என் பேரை எழுதினார். எனக்கென்று நாலு கசப்பு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தென்னங்கன்று நட்ட குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். அன்றைக்கு முழுக்க நானும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் சிரித்தோம்.

5

பத்து நாள் கழித்துப் பாபு வந்தார். இந்த முறை முகத்தில் சிரிப்பில்லை.

“செல்வி, மா கோ போலோ. பாசிட்டிவ் ஆயா.”

“மா, உன் ரத்தத்துல மலேரியா கீதாம். அஞ்சு நாளு மாத்திரையாம். தினம் அவரே கொண்டாந்து குடுப்பாராம். அவரு எதிருலயே முழுங்கணுமாம்.” பிறகு அவர் இன்னொன்று கேட்டார். செல்வி என் பக்கம் திரும்பி, வெட்கமே இல்லாமல் சொன்னாள். “உன் வயித்துல பாப்பா கீதான்னு கேக்குறாரு. இருந்தா இந்த மாத்திரை ஆவாதாம்.”

மகள் எதிரில், அந்நிய மனிதர் எதிரில், அந்தக் கேள்வி.

“இல்லன்னு சொல்லு,” என்றேன்.

படுதா வழியாக மாத்திரை வந்தது. செங்கல் நிறத்தில் சின்னதாக இருந்தது. வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கி, முழுங்கும் சத்தம் வெளியே கேட்கட்டும் என்று தண்ணீர் குடித்தேன். அவர் போனதும் கையில் துப்பினேன்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அது என் ரத்தம் இல்லையே, எனக்கு ஒன்றுமில்லை, வயிற்றில் இருப்பதற்கும் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். போய்ச் சோற்றைக் கிளறினேன். கஞ்சி வடிக்கும்போதுதான் மீதி நினைப்பு வந்தது. என் ரத்தம் இல்லையென்றால் அது யாருடையது?

செல்வி கொஞ்ச நாளாகவே ஒரு நாள் நன்றாக இருப்பாள், மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வெயிலைத் தேடிப் போய்ச் சுருண்டு படுப்பாள். “டண்ட் லக்தா மா” என்பாள். குளிர்கிறதாம். பாடம் எழுதாமல் ஏமாற்றுகிறாள் என்று நினைத்து ஒருமுறை அகப்பைக் காம்பால் அடித்தும் இருக்கிறேன்.

அன்றைக்கும் மதியம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து படுத்தாள். பல் கிட்டியது. ரெண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. கன்னத்தில் ஒதுக்கின மாத்திரையை நான் எறியவில்லை, முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். வெல்லத்தில் வைத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். ரகசியமாக அஞ்சு நாளும் இப்படியே இவளுக்குக் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அதுதான் என் எண்ணம்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். “இது உன்னுதா, என்னுதா?” என்றாள்.

பாபு மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். அது என் உடம்பைப் பற்றிய கேள்வி. செல்வியின் உடம்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள், அதற்கு என்ன பதில் வந்திருக்கும், இந்த மாத்திரை இவளுக்கு ஆகுமா ஆகாதா, எவ்வளவு ஆகும், எனக்கு எப்படித் தெரியும்? என் கை அப்படியே நின்றது.

வெல்லத்தை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், பீபிஜி என்று கூப்பிடுவோம், எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஹிந்தி வரவில்லை. செல்வி இருந்த பக்கம் கையைக் காட்டினேன். அவர் வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். போர்வையோடு அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். ரோடு போடுகிறவர்களின் லாரி வந்தது. நடு ரோட்டில் நின்று அதை மறித்தார். டிரைவர் ஏதோ முனகினார். பீபிஜி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன வார்த்தை என்று பிறகு செல்வியிடம் கேட்டேன், அதை வீட்டில் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டாள். டிரைவர் இறங்கி வந்து எங்களை ஏற்றிவிட்டார்.

6

ஆஸ்பத்திரி என்றால் நாலு அறை. டாக்டர் மலையாளத்துக்காரர், தமிழ் கொஞ்சம் பேசுவார். மூலையில் பாபு உட்கார்ந்து ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டிருந்தார். என் முகத்தை அவர் அதற்கு முன்னால் பார்த்ததேயில்லை. யாரோ என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு வாயாக இருந்தவள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நான்தான் பேச வேண்டும். டாக்டரிடம் தமிழில் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னது பாபுவிடம் அல்லவா. லாரியில் வரும்போதே ஒவ்வொரு சொல்லாகக் கோத்து வைத்திருந்தேன்.

“பாபு. ஓ ஹாத் மேரா நஹி.” அந்தக் கை என்னுடையது இல்லை.

அவர் நிமிர்ந்தார். “கோன் சா ஹாத்?” என்றார், எந்தக் கை என்று.

செல்வியின் கையைப் போர்வையிலிருந்து எடுத்துக் காட்டினேன். “ஏ ஹாத்.” பிறகு என் வளையலைக் காட்டி, அவள் கையைக் காட்டி, படுதாவைப் போல முந்தானையை முகத்துக்கு நேரே பிடித்தேன். பீபிஜிக்குத்தான் முதலில் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். “அப்போ, பாபு வயித்துல குழந்தை உண்டோன்னு கேட்டானே, அதுக்குச் சொன்னது?”

நான் மூன்று விரலைக் காட்டினேன்.

“மாத்திரை முழுங்கியோ?”

முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெல்லம் ஒட்டிய அந்த மாத்திரையை மேசையில் வைத்தேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து பெரிதாக மூச்சு விட்டார். பாபுவின் கண் கலங்கியிருந்தது. “இந்த லைன்ல எல்லார் கையும் எனக்குத் தெரியும்னு பெருமை பேசிக்கினு இருந்தேன்,” என்று ஹிந்தியில் டாக்டரிடம் சொன்னாராம். திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

டாக்டர் எங்கள் இருவர் விரலிலும் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தார். செல்விக்குக் கிருமி இருந்தது, எனக்கு இல்லை. அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் இருக்கிறதே, அதற்கு முன்னால் என்னைப் பற்றி அத்தனை கேள்வி யாரும் கேட்டதில்லை. முன்னால் எத்தனை கலைந்தது, எந்த மாதத்தில், அப்போது காய்ச்சல் இருந்ததா, எப்போது சாப்பிடுகிறேன், எல்லாரும் தின்ற பிறகு எனக்கு என்ன மிஞ்சும், எங்கே படுக்கிறேன். செல்வியைப் பற்றி வேறு கேள்விகள். எந்த நாளில் குளிர் வருகிறது, அம்மா அப்பா வழியில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று. அங்கிருந்த எடை மிஷின் துருப்பிடித்திருந்ததால், அவளை ரேஷன் கோடவுனுக்குத் தூக்கிப் போய் அரிசித் தராசில் நிறுத்துக்கொண்டு வந்தார்கள்.

“ஒரே வீடு, ஒரே சோறு. சரி,” என்றார் டாக்டர். “ஆனா ரெண்டு உடம்பாக்கும். இவளுக்கு இந்தச் சிவப்பு மாத்திரை வேணும், ஆனா நீ கொண்டுவந்த அளவு வேண்டா, குறைக்கணும். அதுவும் சில உடம்புக்கு ஆகாது. மூத்திரம் கறுத்துப் போனா உடனே நிறுத்திட்டு ஓடி வரணும். உனக்கு இந்த மாத்திரை வேண்டவே வேண்டா. கொசு கடிச்சு இனிமே காய்ச்சல் வராம இருக்க வாரத்துக்கு ஒரு நாள் வெள்ளை மாத்திரை, சாப்பிட்ட பிறகு. பொழுது சாயறதுக்கு முன்னே வலைக்குள்ள போயிடணும். மாசம் ஒரு தடவை என்னைக் காணணும்.”

பீபிஜி பக்கம் திரும்பி ஹிந்தியில் என்னவோ சொன்னார். மறுநாளிலிருந்து தினமும் ஒரு செம்பு எருமைப் பால் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் குடித்து முடிக்கும்வரை பீபிஜி இடுப்பில் கை வைத்து நிற்பார்.

அன்றே எங்கள் இருவருக்கும் தனித்தனியாக அட்டை எழுதி வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினார் பாபு. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பட்டாளத்து ஹிந்தியில் அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். என் அட்டைக்கு வந்ததும் நின்றார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“இன்னாமே இது? கர்ப்பவதின்னு போட்டுக்கீது.”

நான் அடுப்பை ஊதினேன்.

“ஊருக்கே மாட்டி வெச்சுக்கீறாங்க. எனக்கு மட்டும் ரிப்போர்ட் இல்லியா?” என்றார். குரல் உடைந்திருந்தது. அன்றைக்கு அவரே குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். அதற்குப் பிறகு பிரசவம் வரை நான் தண்ணீர் தூக்கவில்லை.

7

செல்வி மாத்திரை சாப்பிட்ட அந்த அஞ்சு நாளும் நான் தூங்கவில்லை. ஒவ்வொரு முறை அவள் ஒன்றுக்குப் போகும்போதும் பின்னாலேயே போய் நின்றேன். “மா, ஜா நா” என்று விரட்டுவாள். நிறம் மாறவில்லை. மாத்திரை அவள் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. ஆறாவது நாள் மதியம் குளிர் வரவில்லை. எட்டாவது நாளும் வரவில்லை. பழைய சோறு கேட்டாள்.

எனக்கு நாலாவது மாதம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. நாள் சரியாக மகன் பிறந்தான். கலைந்ததற்கெல்லாம் மலேரியாதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். தெரியாது, முன்னாலேயே பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர் மேல் எனக்கு நம்பிக்கை கூடியது. மாமியார் கண் திருஷ்டி என்று சொன்ன அன்று முதல் என் வாய்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாரமும் அங்கேயே இறங்கியது.

என்னால் எங்கள் வரிசையில் ஒரு புதுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு பாபு எந்த வீட்டிலும் கையை மட்டும் பார்த்து ரத்தம் எடுக்க மாட்டார். முகம் காட்டி, பேர் சொல்ல வேண்டும். மராட்டி வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் காட்டினேன். முதல் தடவை முகமெல்லாம் வேர்த்தது. மூன்றாவது தடவை, “மழையில நனைஞ்சுட்டீங்களே, உக்காருங்க” என்று ஒரு துண்டை நீட்டினேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

நோய் போய்விட்டது என்று அவர்கள் விடவில்லை. ஒளிந்திருந்து திரும்பி வருகிற ஜாதி அது என்று, ஒரு வருஷம் மாதாமாதம் செல்வியின் விரலில் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று வந்தது.

பன்னிரண்டாவது முடிவைச் சொல்லப் பாபு வந்தார். செல்வி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். “குச் நஹி. பில்குல் சாஃப்,” என்றார். ஒன்றுமில்லை, சுத்தமாகப் போய்விட்டது என்று. ரிஜிஸ்தரைத் திறந்து, செல்வியின் பேர் மேல் கோடு போட்டார். ஊரில் செத்தவர்கள் பேரைத்தான் அப்படி அடிப்பார்கள். நான் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, கோடு போடாத பேர்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர்களெல்லாம் இன்னும் காய்ச்சல்காரர்கள். கோடு போட்டவர்கள் சுகமானவர்கள்.

“ஏக் ஔர்,” என்றேன். இன்னொன்று.

அவர் அதே பேர் மேல் இரண்டாவது கோடும் போட்டுவிட்டுக் குடையை விரித்தார்.

சாயங்காலம் செல்வி வந்ததும் சொன்னேன், உன் பேரை அடித்துவிட்டார்கள் என்று. அவள் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, “அச்சா. திங்க இன்னா கீது?” என்றாள்.